விலகியவர் பட்டியலில் விடுப்பில் போனவர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மூத்த அதிகாரிகள் விலகியதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பு 'கூடாரம் காலியாகிறது'. உள்ளே ஒரு கட்டம் போட்டு, 2024இல் விலகியவர்கள் என்று பெயர்களை அடுக்கியிருக்கிறீர்கள். அதில் நிறுவனர்களில் ஒருவரான கிரெக் பிராக்மன் பெயரும் இருக்கிறது. அவர் அந்த ஆண்டு விலகவே இல்லை. ஆகஸ்டில் நீண்ட விடுப்பில் போனார், நவம்பரில் வேலைக்குத் திரும்பிவிட்டார். விடுப்பில் போவதை அவரே எக்ஸ் தளத்தில் எழுதியிருந்தார், தேடிப்பார்க்க ஐந்து நிமிடம் போதும். லீவு போட்டவரை ராஜினாமா செய்தவர் என்று எழுதுவது சின்னப் பிழைதானே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை.

அந்தக் கட்டத்தில் எல்லாப் பெயரும் ஒரே எடையில் நிற்கின்றன, அதுதான் வருத்தம். 2024 மே மாதம் போன பாதுகாப்பு ஆய்வாளர் யான் லைக்கே தன் காரணத்தை ஊரறியச் சொன்னார்: பளபளக்கும் தயாரிப்புகளுக்கு முன்னால் பாதுகாப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று. அவரும் அதே மாதம் விலகிய தலைமை விஞ்ஞானி இல்யா சுட்ஸ்கெவரும் சேர்ந்து நடத்திய, மனிதரை மிஞ்சும் செயற்கை நுண்ணறிவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று ஆராய்ந்த குழு அத்தோடு கலைக்கப்பட்டது. 2023 ஜூலையில் அந்தக் குழுவை அறிவித்தபோது, அதுவரை திரட்டிய கணினித் திறனில் 20 சதவீதத்தை அதற்கு ஒதுக்குவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. ஒரு வாக்குறுதி ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி! உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. தலைகளை எண்ணினீர்கள், அந்தத் தலைகள் என்ன வேலை பார்த்தன என்று கேட்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று தொழில்நுட்பத் தலைவர் மீரா முராட்டி, ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த பாப் மெக்ரூ, பாரட் ஸோஃப் மூவரும் ஒரே நாளில் விலகினார்கள். தனித்தனியாக எடுத்த முடிவு, சுமுகமாகவே போகிறார்கள் என்றார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மேன். அதை அப்படியே உண்மை என்று எழுதிவிட்டீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னவர் முதலாளி. லைக்கே விலகிய அதே மே மாதம் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வெளியேறும் ஊழியர்கள் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போடாவிட்டால், சம்பாதித்த பங்குகளை இழக்க நேரலாம் என்று விலகல் ஒப்பந்தத்தில் இருந்ததாம். செய்தி வந்த பிறகுதான் நிறுவனம் அந்த நிபந்தனையிலிருந்து அவர்களை விடுவித்தது. அப்படியானால் ஒருவர் பேசாமல் போவதை 'சுமுகம்' என்று எதை வைத்து எழுதுவது?

இதை ஏட்டறிவில் சொல்லவில்லை. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் தொழில்நுட்பத் தலைவர் விலகியபோது வந்த பத்திரிகை அறிவிப்பின் முதல் வரைவில் 'எதிர்காலத் திட்டம் குறித்த கருத்து வேறுபாடு' என்று இருந்தது. சட்டப் பிரிவு அதைச் சிவப்பு மையால் அடித்தது. அடுத்ததில் 'புதிய வாய்ப்புகள்' வந்தது, போட்டியாளரிடம் போகிறாரோ என்று சந்தேகம் வரும் என்று அதுவும் போனது. கடைசியில் நின்றது 'குடும்பத்தினருடன் நேரம் செலவிட'. மறுநாள் செய்தித்தாளில் அதே நான்கு வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல். எங்களுக்கு ஒரு நிருபர்கூட போன் பண்ணவில்லை. அதே ஆள் போன பிறகு இரண்டு பொறியாளர்கள் வேலை மாறியதும் 'கூண்டோடு ஓட்டம்' என்று இன்னொரு பத்திரிகை எழுதியது. வேலைக்குச் சேரும் கடிதத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள், வரலாமா வேண்டாமா என்று கேட்டு அழைத்தபடியே இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னது நாங்கள்தான், அந்தப் பத்திரிகை அல்ல.

உங்கள் இதழிலும் இது புதிதல்ல. 2017 ஆகஸ்டில் தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா இன்ஃபோசிஸை விட்டு விலகியபோது பங்கு விலை விழுந்ததைப் பெரிதாகப் போட்டீர்கள், அவருடைய ராஜினாமாக் கடிதம் பொதுவில் இருந்தும் அதிலிருந்து ஒரு பத்திகூட எடுத்துப் போடவில்லை. 2023 நவம்பரில் ஆல்ட்மேன் நீக்கப்பட்ட கதையை நீங்கள் அச்சிட்டு எங்கள் கைக்கு வந்தபோது அவர் மீண்டும் பதவியில் உட்கார்ந்திருந்தார். சரி, வார இதழுக்கு அது நேரும். அடுத்த இதழிலாவது, சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர் அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லி ஏன் கையெழுத்திட்டார்கள் என்று விளக்கியிருக்கலாம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் நிருபரின் வேலை சுலபம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் முக்கிய அதிகாரி விலகினால் நான்கு வேலை நாளுக்குள் அதை அறிவிக்கும் 8-கே படிவத்தைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவில் 2023இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதியைத் திருத்திய பிறகு, விலகல் நடப்புக்கு வந்த ஏழு நாளுக்குள் ராஜினாமாக் கடிதத்தையே பங்குச் சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். ஓப்பன்ஏஐ பட்டியலிடப்படாமல் இருந்தபோது நடந்தவை இந்த விலகல்கள். அங்கே அந்தக் காகிதங்கள் கிடைக்காது. அப்போதுதானே நிருபர் இன்னும் நாலு பேரிடம் கேட்க வேண்டும்?

நான் கேட்பது இவ்வளவுதான். பிராக்மன் பெயரைப் பற்றி அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்க மூலையில் அல்ல, அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே. அப்புறம், இனி இப்படிச் செய்தி வரும்போது காரணத்தைச் சொன்னது போனவரா, நிறுவனமா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட கால வாசகன்