ஓரமாகப் போகச் சொல்கிறீர்கள், ஓரத்தைத் தாருங்கள்: கடல்நீரேரி வீதிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியியலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நாவற்குழியில் ஏ-32 இல் இறங்கி, தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன் என்று போய், ஏ-9 இல் ஏறி ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி வழியாகத் திரும்பும் சுற்றுவீதியை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கிழக்குப் பகுதியை வளைத்து வரும் அந்த ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வீதியின் வரைபடம் உங்களிடம் இருக்கிறது. வரைபடத்தில் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்: தார் முடியும் இடத்தில் இருக்கும் இறக்கம்.

விளிம்பு தட்டி விழுந்த ஒருவருக்காக முறையிடப் போனவர்களுக்கு அண்மையில் ஓர் அலுவலகத்தில் கிடைத்த பதில், "சைக்கிள்காரரை ஓரமாகப் போகச் சொல்லுங்கோ" என்பது. அந்த ஒரு வசனம்தான் இதைப் பகிரங்கமாக எழுத வைத்தது. ஓரமாகப் போனதால்தான் அவர் விழுந்தார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாரி தொடங்குமுன், தார் விளிம்பையும் வீதியோரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தாருக்கும் கிறவல் (சரளை மண்) ஓரத்துக்கும் இடையே இரண்டு அங்குல இறக்கம் என்றால் காருக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சைக்கிளுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. ஓடுபவர் இடப்பக்கம் ஒதுங்குகிறார், முன்சில்லு கிறவலில் இறங்குகிறது. இறங்கும்போது பெரும்பாலும் ஆபத்தில்லை, திரும்ப ஏறும்போதுதான் ஆபத்து. இளகிய கிறவலில் சில்லு புதைவதால் அவர் மெல்ல வலப்பக்கம் திருப்புகிறார். சில்லு விளிம்புக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக ஓடுவதால் மேலே ஏறாது. ரயரின் பக்கம் தாரில் உரசிக்கொண்டே போகும். சைக்கிள் விழாமல் நிற்பதே முன்சில்லு இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டிருப்பதால்தான். உடம்பு வலப்பக்கம் சாய்ந்தால் சில்லும் வலப்பக்கம் திரும்பி அதைத் தாங்க வேண்டும். விளிம்பு அந்தச் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் ஆள் வலப்பக்கமே விழுகிறார், ஹோர்ன் அடித்த பஸ் வந்துகொண்டிருக்கும் தாரின் மேல்.

அப்படியானால் இறங்கி நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறலாமே என்று கேட்கலாம். தனியாக, பாரமில்லாமல் போகிறவர் அதைச் செய்யலாம். மீன்பெட்டியோ மரக்கறிச் சாக்கோ கட்டிய சைக்கிளில் பாரம் முழுவதும் பின் கரியரில் இருக்கும். முன்சில்லு இலேசாகிவிடும், விளிம்பில் இன்னும் சுலபமாக வழுக்கும். அந்தப் பாரத்தோடு இறங்கி நிறுத்துவதே பெரும்பாடு. எனவே இது 25, 28 மில்லிமீற்றர் ரயர் போட்ட பந்தயச் சைக்கிள்காரரின் பிரச்சினை மட்டும் அல்ல. 28 × 1½ ரயர் போட்ட சாதாரணச் சைக்கிளில் விடியமுன் சந்தைக்குப் போகிறவரே முதலில் விழுகிறார்.

விழாமல் தப்பினாலும் ரயர் தப்பாது. விளிம்பில் உரசி ரயரின் பக்கம் நூல் தெரியக் கிழிந்தால் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, கிழிசலுக்கூடாக ரியூப் பிதுங்கி வெடிக்கும். பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து, மெதுவாக உருட்டிக்கொண்டு போகத்தான் முடியும். நிழலும் நல்ல தண்ணீரும் அரிதான கேரதீவு வெளியில் அப்படிப் போவது எப்படி இருக்கும் என்பதை உச்சி வெயிலில் ஒருமுறை அங்கே நின்றால் அறிந்துகொள்ளலாம்.

அடுத்தது காற்று. நாட்டின் மற்றப் பகுதிகளில் இந்த இறக்கம் ஒரு குறைபாடு என்றால், கடல்நீரேரியோரம் அது பல மடங்கு பொல்லாதது. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நாவற்குழியிலிருந்து கேரதீவு வரை வீதி பெரும்பாலும் தென்கிழக்காக ஓடுவதால் காற்று நேர் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். மறைக்க ஒரு வேலியும் இல்லை, பனங்கூடலும் இல்லை. ஓடுபவர் காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்தபடியே மிதிக்கிறார். பஸ்ஸோ ரிப்பர் லொறியோ முந்தும்போது அந்த வாகனம் காற்றை ஒரு கணம் மறைக்கிறது. சாய்ந்திருந்த உடம்பு அந்தக் கணத்தில் வாகனத்தின் பக்கம் இழுபடுகிறது. வாகனம் கடந்ததும் காற்று திரும்ப அடித்து ஆளை இடப்பக்கம் தள்ளுகிறது. இந்த இரண்டாவது தள்ளலில் ஒரு மீற்றர் விலகுவது சாதாரணம். அந்த ஒரு மீற்றருக்குள் விளிம்பு இருந்தால் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது எதிர்த் திசையில் வருபவருக்கு, பூநகரியிலிருந்து நாவற்குழிக்குத் திரும்புபவருக்கு, இதே நிலை. ஆகவே வீதியின் ஒரு பக்கத்தை மட்டும் சீர்செய்வது அரைவேலை. பளைப் பக்கக் கடல்நீரேரிக் கரையில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். மின்சாரம் எடுக்கும் அளவுக்கு இங்கே காற்று இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம்தானே.

"வீதி அகலமாகத்தானே இருக்கிறது" என்றும் சொல்லப்படுகிறது. கணக்குப் பார்ப்போம். வீதியில் ஒரு திசைக்கான ஒழுங்கை 3.5 மீற்றர் என்று வையுங்கள். பஸ்ஸின் அகலம் ஏறத்தாழ 2.5 மீற்றர். எதிரே வாகனம் வந்தால் பஸ் தன் ஒழுங்கைக்குள் நிற்க வேண்டும், மிஞ்சுவது 1 மீற்றர். சைக்கிள் ஹாண்டில் 60 சென்ரிமீற்றர். மீதி 40 சென்ரிமீற்றருக்குள்தான் பஸ்ஸுக்கும் ஆளுக்கும் இடையிலான இடைவெளியும், ஆளுக்கும் விளிம்புக்கும் இடையிலான இடைவெளியும் அடங்க வேண்டும். மீன்பெட்டி ஹாண்டிலைவிட அகலம். அப்போது 40 சென்ரிமீற்றரும் இல்லை.

இந்த இறக்கம் ஏன் உண்டாகிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய தாரின் மேல் புதிதாகப் போடும் ஒவ்வொரு மேற்படையும் தாரை 40, 50 மில்லிமீற்றர் உயர்த்துகிறது, ஓரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை தாரில் ஓடி விளிம்பில் விழுந்து கிறவலை அரிக்கிறது. ஒதுங்கும் வாகனங்களின் சில்லு மிச்சத்தைச் சிதறடிக்கிறது. பிறகு உழவு இயந்திரத்தில் கிறவல் கொண்டுவந்து குவித்து, மண்வெட்டியால் பரவிவிட்டுப் போகிறார்கள். உருட்டாத கிறவல் முதல் மழைக்கே வாய்க்காலுக்குள் போய்விடும். அந்தச் செலவு வீண் செலவு.

செய்ய வேண்டிய முறை புதிதல்ல. பழைய ஓரத்தைக் கிளறி, ஈரமாக்கி, 150 மில்லிமீற்றருக்கு மேற்படாத படையாகக் கிறவலைப் பரவி, உருளையால் இறுக்க வேண்டும். வெளிப்பக்கமாக நூற்றுக்கு நாலு, ஐந்து சரிவு கொடுத்தால் தண்ணீர் விளிம்பில் தேங்காது. தெளிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று கடல்நீரேரித் தண்ணீரை அள்ளினால் உப்பு மேலே ஏறி மெல்லிய தார்ப் படையை உப்பவைத்து உடைக்கும். முடிந்த பிறகு அறுகம்புல்லை வளர விடுங்கள், செதுக்க வேண்டாம். அது கிறவலைப் பிடித்து வைத்திருக்கும். இனிமேல் மேற்படை இடும்போது விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 30 பாகையில் சரித்து இறுக்கினால், ஓரம் அரிபட்டாலும் சில்லு ஏறிவிடும். அதற்கு மேலதிகமாகத் தேவைப்படுவது மிகக் கொஞ்சத் தார்க் கலவைதான். கேரதீவு, சங்குப்பிட்டி, ஆனையிறவு போல இருபக்கமும் தண்ணீரும் வெளியுமாக இருக்கும் துண்டுகளில் மட்டுமாவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே 1 மீற்றர் தார் ஓரம் போட்டால் காற்றின் தள்ளலுக்கும் இடம் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. வேகத்தைக் குறைக்க வீதிக்குக் குறுக்கே போடும் தடிப்பான வெள்ளைப் பட்டைகளை விளிம்புவரை நீட்ட வேண்டாம். கடைசி ஒரு மீற்றரை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சைக்கிள்காரர் அந்த அதிர்வைத் தவிர்க்கக் கிறவலில் இறங்குவார், திரும்பவும் அதே விளிம்பு.

கோபம் வராமல் இதை எழுத முடியவில்லை, மன்னியுங்கள். வீதியை அகலமாக்க நிழல்மரங்களைத் தறிக்கும்போது பேசாமல் இருந்தோம். இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கு விலகி ஓடப் பழகிக்கொண்டோம். பூநாரை பார்க்கவும் பூநகரிக் கோட்டை பார்க்கவும் வெளிநாட்டார் சைக்கிளில் வருவார்கள் என்ற சுற்றுலாப் பேச்சைக் கேட்டு மகிழ்ந்தோம், வரட்டும். ஆனால் இந்த வீதியில் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போகும் கடற்றொழிலாளியும், பள்ளிக்கூடப் பிள்ளையும், தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்ணும் அந்தப் பேச்சில் எங்கும் வருவதில்லை. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 இல் இந்த மாவட்டத்தை ஓட வைத்தது சைக்கிள். அப்போது எல்லாரும் சைக்கிளில் ஏறினார்கள், உத்தியோகத்தர்களும்தான். அந்த ஒரு வருடத்திலாவது இந்த விளிம்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆற்றாமை.

உங்கள் வேலையில் நல்லதைக் காணாதவர்கள் அல்ல நாங்கள். முன்பு பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கடந்த நீரை, 2011 இல் திறந்த 288 மீற்றர் சங்குப்பிட்டிப் பாலத்தால் இன்று மிதித்துக் கடக்கிறோம். இந்தச் சுற்றே அந்தப் பாலத்தால்தான் முழுமையானது. அப்பேர்ப்பட்ட பாலத்தைக் கட்ட முடிந்த நாட்டில் இரண்டு அங்குலக் கிறவலை நிரப்ப முடியாது என்று நாங்கள் நம்பவில்லை.

எனவே திரும்பவும் பணிவாகக் கேட்கிறோம். ஐப்பசி மழைக்கு முன், முதலில் ஏ-32 இன் நாவற்குழி - பூநகரித் துண்டையும், அடுத்து பூநகரி - பரந்தன் வீதியையும், பிறகு ஏ-9 இன் பரந்தன் - பளைத் துண்டையும் இருபக்கமும் மட்டப்படுத்தித் தாருங்கள். இந்தச் சுற்றுக்கு வெளியே இருக்கும் பண்ணைத் தாம்போதியையும் வல்லை வெளியையும் பொன்னாலைத் தாம்போதியையும் அதே கண்ணோடு அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு ஆட்கள் இல்லை என்றால் அந்த வேலையை நாங்கள் செய்து தருகிறோம். தாரின் மேல் மட்டப்பலகையை வைத்து வெளியே நீட்டி, அடியில் இருந்து கிறவல்வரை அளவுகோலால் அளந்தால் போதும். 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கு மஞ்சள் குறி, 50 க்கு மேற்பட்ட இடங்களுக்குச் சிவப்புக் குறி. கிலோமீற்றர்க் கல்லின் இலக்கத்தோடு பட்டியலாகத் தருவோம். குறிகளைச் சரிபார்க்க ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஒரு காலை மட்டும் எங்களோடு அனுப்புங்கள். அவருக்கு ஒரு சைக்கிளும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
கடல்நீரேரி வீதிகளில் சைக்கிள் ஓடுவோர்,
யாழ்ப்பாணம்.