பாப்பாவுக்கு, தோ பாயோவிலிருந்து

பாப்பா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மெல்பர்னில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியை எடுத்து வெளியே வை. நான் அனுப்பிய மூன்று செய்திக்கும் நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. வேலை அதிகமாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

உன் ஸ்டேட்டஸில் இரண்டு வரி இருந்ததே, அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். மெட்டாலிக்கா என்ற மெட்டல் இசைக்குழுவின் 'ஃபேட் டு பிளாக்', 1984. மரினா பே போய்வர ரயிலில் நான்கு தடவை கேட்டேன். வாழும் ஆசையே விட்டுப்போனவன் பேசுகிறான். வயிற்றைப் பிசைந்தது. ஆனால் கடைசியில் அவனுக்கு வார்த்தை தீர்ந்துபோகிறது, கிடார் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கேட்டு மனம் லேசானது என்று பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதியதாக, அதைப் பாடிய ஹெட்ஃபீல்டு சொல்லியிருக்கிறார். உனக்கும் லேசாகிறதா? அதை மட்டுமாவது சொல்.

நம் சிங்கப்பூர் மெட்டல் குழு ருத்ரா வேதாந்தத்தை உறுமிப் பாடுவதைக் காட்டி, "இதுவும் விடுதலை கேட்கிறதுதான்பா" என்று பதினேழு வயதில் சொன்னாய். இத்தனை வருடம் வைராவிமடம் காளியம்மன் கோயிலில் கும்பிட்டும் எனக்கு அது தோன்றியதில்லை. அவ்வளவு யோசிக்கிற பெண் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருக்கலாமா? சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

உன் கிடாரைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்தேனே, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சத்தம் தாங்கவில்லை என்றாரென்று. ஆன்ட்டி ஒன்றுமே சொல்லவில்லை, பாப்பா. உன் நோட்டில் நீ எழுதியிருந்த பாட்டைப் படித்துவிட்டேன். சித்தப்பா கடைசியாக என்னிடம் வந்து பேசினதுபோலவே இருந்தது. அன்றைக்கு நான் அவனிடம், "வேற ஏதாவது பேசுடா" என்றேன். உன்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. கிடார் போனால் அந்த நினைப்பும் போய்விடும் என்று நம்பினேன். பாவம் ஆன்ட்டி, அன்றிலிருந்து நீ அவர் முகம் பார்ப்பதில்லை.

அங்கே ஒரு டாக்டரைப் பார். காசு நான் அனுப்புகிறேன். தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ராத்திரி மூன்று மணியானாலும் போன் பண்ணு. பேச வரவில்லை என்றால் பாட்டைப் போட்டுப் போனைப் பக்கத்தில் வை, முழுதும் கேட்கிறேன். வேறு பேசச் சொல்ல மாட்டேன்.

அப்பா