பாக்டீரியாவின் டிஎன்ஏ சும்மா மிதக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பகுதியில், பாக்டீரியாவுக்கு ஹிஸ்டோன் (நம் செல்களில் டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) கிடையாது, ஆகவே அதன் டிஎன்ஏ புரதம் எதுவும் சேராமல் செல்லுக்குள் மிதக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாவது தவறு. தக்கலையில் என்னிடம் டியூஷன் வரும் பிளஸ் டூ பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதன் குரோமோசோமில் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள், அதாவது டிஎன்ஏ ஏணியின் படிகள். நிமிர்த்தி நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். உடம்பைவிட எழுநூறு மடங்குக்கும் மேல்! திணித்தால் மட்டும் போதாது, வேண்டிய ஜீனை வேண்டிய நேரத்தில் எடுக்கவும் வேண்டும். குளச்சலில் வலையை மடித்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுத்த முறை வீசும்போது சிக்காமல் விரிய வேண்டுமே. அந்த வேலையைச் செய்பவை டிஎன்ஏவோடு ஒட்டும் புரதங்கள். ஐஎச்எஃப் என்ற புரதம் ஒட்டிய இடத்தில் டிஎன்ஏ கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. எச்யு அங்கங்கே வளைத்துத் தளர்த்துகிறது. பட்டினி காலத்தில் டிபிஎஸ் பெருகி, டிஎன்ஏவை இறுக்கமாக அடுக்கிக் காக்கிறது.

எனக்குப் பிடித்தது எச்-என்எஸ் என்ற புரதம். டிஎன்ஏவின் நான்கு வேதி எழுத்துகளில் ஏ, டி எழுத்துகள் அதிகமுள்ள இடங்களாகப் பார்த்து ஒட்டும். இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கவும் செய்யும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஜீன்களில் பெரும்பாலும் இந்த எழுத்துகளே அதிகம். அவற்றை இது அடக்கி வைக்கிறது என்று 2006-ல் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவில் காட்டினார்கள். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவிலும் இதே கதைதான். 30 டிகிரியில் நோய் ஜீன்களை எச்-என்எஸ் அமுக்கி வைத்திருக்கும். நம் குடலுக்குள் போய் 37 டிகிரி வந்ததும் அந்த டிஎன்ஏவின் வளைவு மாறி, பிடி விடுகிறது, அப்புறம் வயிற்றுவலிதான். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

உட்கரு உறை இல்லை என்பதை வைத்துப் புரதமும் இல்லை என்று போய்விட்டீர்கள் போலும். பொதுத்தேர்வுக்கு முன் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். பிள்ளைகள் வெட்டி ஒட்டும் அளவுக்குப் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.