பாடத்திட்டத்தில் மென்பொருளின் பெயர் எதற்கு?

அறிவியல், பொறியியல் பாடத்திட்டங்களை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் படித்தபோது எண்ணியல் முறைகள் ஆய்வகத்தின் தலைப்பிலேயே மேட்லேப் என்ற வணிகக் கணிப்பு மென்பொருளின் பெயர் இருந்தது. படிப்பு முடிந்தது, மாணவர் உரிமமும் கூடவே முடிந்தது. நான் எழுதிய நிரல்களை என்னாலேயே ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் மேட்லேப் நிரல்களைப் பெரும்பாலும் அப்படியே ஓட்டும் இலவச மென்பொருளான ஆக்டேவை நிறுவினேன். பழைய கோப்புகளைத் தயங்கித் தயங்கித் திறந்தால், அணிப் பெருக்கல், வகைக்கெழுச் சமன்பாடு, வரைபடம் எல்லாம் ஓடின. சிக்னலில் வேண்டாத அதிர்வெண்களை நீக்கும் பட்டர்வொர்த் வடிகட்டி வந்த இடத்தில் மட்டும் நின்றது. சிக்னல் தொகுப்பை ஏற்றும் ஒரு வரியை மேலே சேர்த்தேன், அதுவும் சரியானது.

ஆக்டேவ் நேற்று முளைத்ததல்ல. வேதிப் பொறியியல் மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியின் பிழைகளோடு மல்லாடியே நேரத்தைத் தொலைக்கிறார்கள் என்று 1992-இல் ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், மேட்லேப் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அணிக் கணக்குப் போடட்டும் என்று 1970-களின் கடைசியில் கிளீவ் மோலர் உருவாக்கியது அது. வணிக நிறுவனம் வந்தது 1984-இல்தான்.

இன்று பைத்தான் மொழியில் கணக்குக்கும் வரைபடத்துக்கும் நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் என்ற இலவச நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. 2019-இல் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான கணக்கீட்டிலும் இவற்றுக்குப் பங்குண்டு. புள்ளியியலுக்கு ஆர் என்ற இலவச மொழி இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கட்டப்படம் வரைந்தே அமைப்புகளைப் பாவனை செய்ய உதவும் மேட்லேபின் துணைக்கருவி சிமுலிங்க். அதற்கு நிகராக ஆக்டேவில் எதுவும் இல்லை. சைலேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் உள்ள எக்ஸ்காஸ் கருவி கட்டுப்பாட்டியலின் அடிப்படைப் பாடங்களுக்குத் தாங்கும், அதற்கு மேல் சந்தேகம்தான். அங்கே உரிமம் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் சமன்பாட்டின் மூலம் காணும் நியூட்டன்-ராப்சன் முறைக்கும், தொகையிடும் சிம்ப்சன் விதிக்கும் எதற்கு உரிமம்? "சிம்ப்சன் விதிப்படி தொகையிடும் நிரல் எழுதுக" என்று மட்டும் பாடத்திட்டத்தில் இருக்கட்டும். எதில் எழுதுவது என்பது மாணவர் பாடு. தாள் திருத்துபவர் குழம்புவார் என்பீர்கள். ஆக்டேவில் அணியின் முதல் உறுப்பின் வரிசை எண் 1, பைத்தானில் 0. உண்மையிலேயே தடுமாற வைக்கும் இடம்தான். அதற்கு விடைத்தாளின் முதல் வரியில் மொழியின் பெயரை எழுதச் சொன்னால் போதும்.

அடுத்த திருத்தத்தில் ஆய்வகத் தலைப்பிலிருந்து அந்த ஒரு பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்