மைலேஜ் ஆசையில் திணறும் இன்ஜின்

ஆசிரியருக்கு வணக்கம்.

மைலேஜ் கிடைக்கும் என்று 30 கி.மீ. வேகத்திலேயே பலர் நாலாவது கியரைப் போட்டுவிடுகிறார்கள். ஆல்டோ 800 போன்ற 796 சிசி, மூன்று சிலிண்டர் வண்டிக்கு இது ஆகாது. அதன் இழுவிசை உச்சம் தொடுவதே 3,500 ஆர்பிஎம்மில்தான், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 3,500 முறை சுற்றும்போதுதான். 30 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் அது அவ்வளவு வேகமாகச் சுற்றாது. மேம்பாலம் ஏறும்போது கியர் லிவர் உதறி, ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகம் கூடவில்லையா? உடனே ஒரு கியர் குறையுங்கள். கிளச்சைப் பாதி மிதித்துச் சமாளித்தால் பிளேட்தான் கருகும்.

ஏற்காடு மலையில் இறங்கும்போது நியூட்ரலில் விடுவது இன்னும் மோசம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது அணையாமல் சும்மா ஓடப் பெட்ரோல் குடிக்கும். வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்காததால் பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

- ஓட்டுநர் பயிற்றுநர், சேலம்