100/90 பல்பு போடச் சொன்ன வாகனப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், இரவில் வெளிச்சம் போதாத கார்களின் ஹெட்லைட்டில் 100/90 வாட்ஸ் பல்போ (தூரம் அடிக்கும் ஹை பீமுக்கு 100, தாழ்ந்து அடிக்கும் டிம்முக்கு 90), நீலவெள்ளையாக எரியும் 6000 கெல்வின் எல்.இ.டி. பல்போ மாற்றிக்கொண்டால் போதும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தங்கள் பத்திரிகைதான். அதில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, திங்கட்கிழமையே கடைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஹை பீமும் டிம்மும் ஒன்றிலேயே இருக்கும் எச்4 என்ற ஹெட்லைட் பல்பு எப்படிப்பட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. பழைய மாருதி 800 தொடங்கி இன்றைக்கு ஓடுகிற எத்தனையோ சின்ன கார்கள் வரை 60/55 வாட்ஸ் எச்4தான். ஹை பீமில் ஒரு பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். வயர், ஸ்விட்ச், ஹோல்டர் எல்லாம் அந்தக் கணக்குக்குப் போட்டவை. 100 வாட்ஸ் மாட்டினால் 8 ஆம்பியரைத் தாண்டும். கரண்ட் கூடக்கூட வயரின் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். இங்கே ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கருகின வயர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

என் மைத்துனர் காரில் ஒரு கடைக்காரர், ரிலேகூட (கூடுதல் கரண்டை ஸ்விட்ச் வழியாக விடாமல் தனி வயரில் விடும் சாதனம்) வைக்காமல் இந்த 100/90 பல்பை மாட்டி அனுப்பிவிட்டார். சிவகிரி தாண்டி வரும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் இரண்டு லைட்டும் போய்விட்டன. பின் சீட்டில் குழந்தைகள். மறுநாள் நான்தான் கழற்றிப் பார்த்தேன். ஹோல்டரின் மூன்று துளைகளில் ஒன்று உருகி, பல்பின் காலோடு ஒட்டிக் கிடந்தது. வயரின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்குத் தொட்டாலே உதிர்ந்தது. உள்ளே ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பூச்சும் கருத்துப்போய், டூமையே, அதாவது ஹெட்லைட்டின் மொத்தக் கூட்டையே, மாற்ற வேண்டியதாயிற்று. தங்கள் பக்கத்தில் வந்த அந்த ஒரு வரியில் இவ்வளவும் இருக்கிறது.

எல்.இ.டி. விஷயம் இன்னும் மோசம். ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. டிம்முக்கான இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் கீழே போகும் ஒளியை மறைத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து ரோட்டை நோக்கி இறங்கும். எதிரே வருபவன் கண் தப்பிப்பது இதனால்தான். இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒளி வேறெங்கோ போகும். மெல்லிய இழைக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில், பட்டையான தகட்டின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி எங்கே போகும்? மரத்துக்கும், எதிர் வண்டியின் கண்ணாடிக்கும்தான். கம்பெனியே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்துத் தருகிற விளக்கை நான் குறை சொல்லவில்லை. மழையில் அந்த நீலவெள்ளை ஒளி துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருவதை, தென்மேற்குப் பருவ நாட்களில் செங்கோட்டைப் பக்கம் ஓட்டியவர்கள் சொல்வார்கள்.

நான்குவழிச் சாலையில் நடுவே அரளிச் செடியாவது மறைக்கும். எங்கள் ராஜபாளையம்–தென்காசி ரோட்டில் அதுவும் கிடையாது. கேரளாவுக்குப் போகிற லாரி ஒரு பக்கம், வெள்ளை எல்.இ.டி. மாட்டின கார் மறுபக்கம். டிம் அடித்துக் காட்டினாலும் பலன் இல்லை. அவர்கள் டிம்மே அப்படித்தான் இருக்கிறது. கண்புரை அறுவை செய்துகொண்ட என் மனைவி, பொழுது சாய்ந்த பிறகு முன் சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டாள். எதிரே 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. வாகனப் பக்கம் எழுதுகிறவர் அந்த விதியை ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் அதிகாரிகள் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற படத்தைத் தாங்கள் வருஷம் தவறாமல் போடுகிறீர்கள். ஸ்டிக்கரால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். பீம் போகிற திசை மாறாது. இதை விளக்கி முன்பே எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரமே அதே பக்கத்தில் வெள்ளை பல்பு விளம்பரம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

சர்வீஸ் சென்டர்கள் பங்குக்கும் குறைவில்லை. ஒரு பக்க பல்பு போய்விட்டது என்று போன என்னிடம், டூம் மொத்தமும் மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து நானே மாற்றினேன். பின்பக்கம் ஹோல்டரை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பைத் தள்ளினால் பல்பு கையோடு வந்துவிடும். புதிய பல்பில் மூன்று காது; ஒரே விதமாகத்தான் உட்காரும். கண்ணாடியை மட்டும் விரலால் தொடக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். மாற்றுவதை ஜோடியாக மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். பத்து நிமிஷ வேலை. இதை எழுத வாகனப் பக்கத்தில் இடமே இருந்ததில்லை.

வெளிச்சம் குறைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்பின் வாட்ஸ் இல்லை. எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். ஹோல்டரில் களிம்பு ஏறியிருக்கும். பல்புக்குப் போகிற வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். டூமின் பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் அவ்வளவுதான். அப்புறம், ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. பின்னால் ஆளும் சுமையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், பீமும் தூக்கும். அதைத் திருப்பினால் பீம் இறங்கும். அது எதற்கென்று கேட்டால் என் தெருவில் கார் வைத்திருக்கிற ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரித் திருத்தம்: காரின் கையேட்டிலோ பழைய பல்பின் அடியிலோ எச்4, எச்7 என்று என்ன எழுதியிருக்கிறதோ அதே வகை, அதே வாட்ஸ், தர அங்கீகாரத்துக்கான ஈ (E) முத்திரை உள்ள பல்பை வாங்கச் சொல்லுங்கள். 100/90 பற்றிய வரி தவறு என்றும் போடுங்கள். பல்பு விளம்பரம் இல்லாத பக்கமாகப் பார்த்துப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கடையநல்லூர்.