ட்ரோன் ஓட்டுற தம்பி தங்கச்சிங்களுக்கு, மியான்மர் பெகு பக்கத்துல இருந்து ஒரு திறந்த மடல்

பட்டாளத்துல இருந்தாலும் சரி, பட்டாளத்த எதுத்து சண்ட போடுற மக்கள் பாதுகாப்புப் படையான பிடிஎஃப்ல இருந்தாலும் சரி, இனக்குழு படைங்கள்ல எதுல இருந்தாலும் சரி, ரிமோட்ட கையில வச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் உங்களுக்கு ஆர்டர் போடுற பெரியவங்களுக்கும் வணக்கம். பேர் போடல, ஏன்னு உங்களுக்கே தெரியும். பெகு பக்கம் ஒரு தமிழ் கிராமம், கல்யாண வீடியோ எடுக்குறது தொழில், அது போதும்.

நானும் ட்ரோன் ஓட்டுனவன்தான். 2018ல கடன் வாங்கி மேவிக்னு ஒரு கேமரா ட்ரோன் வாங்கினேன், எங்க சுத்துவட்டாரத்துல அப்ப அது பெரிய விசயம், காதுகுத்து, கல்யாணம், தீமிதின்னு எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க. ஒரு வருசம் மாரியம்மன் தேருக்கு மேல இருந்து பூ போடணும்னு கோயில் கமிட்டில ஆசப்பட்டாங்க. ஒரு சின்ன செர்வோ மோட்டார், ஒரு கம்பிக் கொக்கி, துணிப்பை, அவ்ளோதான். சாமந்தியும் ரோசா இதழுமா அரை கிலோ கூட இருக்காது, அத தூக்கிட்டுப் போயி தேர் முக்கு திரும்புற இடத்துல நிறுத்தி கொக்கிய விட்டேன். ஸ்கிரீன்ல எல்லாம் தெரிஞ்சுது. ட்ரோனோட நிழல தொரத்திக்கிட்டு பசங்க ஓடுறது, கரகம் எடுத்தவங்களோட மஞ்சத்துணி, எங்க சித்தி மேல பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டது, அவங்க மூக்குத்தி மின்னுனது கூட சூம் பண்ணா தெரிஞ்சுது.

இத ஏன் சொல்றேன்னா, நீங்க இன்னிக்கு குண்டு போடுற ட்ரோன்ல இருக்கிறதும் அதே கொக்கிதான். பூப்பை இருந்த இடத்துல மோர்ட்டார் குண்டு தொங்குது, வயலுக்கு மருந்து அடிக்குற பெரிய ட்ரோனா இருந்தா இன்னும் கனமானது. அதனால உங்க ஸ்கிரீன்ல என்ன தெரியும்னு எனக்கு தெரியும். நான் எழுதுற காரணமே இது ஒண்ணுதான்.

பீரங்கி அடிக்கிறவன் பல மைல் தள்ளி நிக்கிறான், மலைக்கு அந்தாண்ட யாரு விழுந்தாங்கன்னு அவனுக்கு தெரியாது, அது அவனோட பாவத்த கழுவிடாது, ஆனா "நான் பாக்கல"ன்னு அவன் சொன்னா அதுல ஒரு உண்மை இருக்கு. உங்களுக்கு அந்த வார்த்தை கிடையாது. தலைக்கு மேல ட்ரோன நிறுத்தி வச்சிக்கிட்டு, காத்து எந்தப்பக்கம் அடிக்குதுன்னு பாத்து, கொஞ்சம் நகத்தி, அப்புறம்தான் விடுறீங்க. அந்த நேரத்துல கீழ இருக்கிறது துப்பாக்கியா மண்வெட்டியான்னு பாக்க முடியும். கேமரா படத்த பாத்துக்கிட்டே ஓட்டி, போயி மோதி வெடிக்குற எஃப்பிவி ட்ரோன்ல கஷ்டம், ஒத்துக்குறேன், படம் பொரிபொரியா வரும், கடைசி செகண்டுல அறுந்தே போயிரும். ராத்திரி, சூட்ட வச்சு படம் காட்டுற தெர்மல் கேமராவுல ஆளு வெறும் வெள்ளை உருவம்தான். ஆனா வெள்ளை உருவத்துலயும் ஒசரம் தெரியும், இடுப்புல ஒரு சின்ன உருவம் ஒட்டியிருந்தா அதுவும் தெரியும். தெரியலன்னா திரும்பி வாங்க, பேட்டரி தீர்ந்ததுன்னு சொல்லிட்டாவது வாங்க.

இந்தப் போர்ல ட்ரோன் எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியும். 2021ல பட்டாளம் ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் அத எதுத்து காட்டுக்குப் போன பசங்ககிட்ட விமானம் கிடையாது, கையில கெடச்ச கேமரா ட்ரோனையும் 3டி பிரிண்டர்ல செஞ்ச பார்ட்ஸையும் வச்சு ஆரம்பிச்சாங்க. 2023 அக்டோபர் 27ல வடக்கு ஷான் மாநிலத்துல மூணு இனக்குழு படைங்க சேந்து எறங்குனப்ப ராணுவக் காவல் முகாம்ங்க மேல ட்ரோன்லயே குண்டு கொட்டுச்சு, அடுத்த ஜனவரில சீன எல்லை பக்கம் இருக்கிற லாவுக்காய் ஊரு பட்டாளத்து கைய விட்டுப் போச்சு. 2024 ஏப்ரல்ல தலைநகரம் நேபிடோ வரைக்கும் ட்ரோன் போச்சு. விமானமே இல்லாதவனுக்கு அது பெரிய பலம், அத நான் மறுக்கல. ஆனா பட்டாளமும் சும்மா இருக்கல, அவங்களும் ட்ரோனும், ட்ரோனோட சிக்னல தடுக்குற ஜாமரும் வாங்கினாங்க, அந்த பலம் ரெண்டு பக்கமும் ஆயிடுச்சு, நடுவுல இருக்கிற ஊர்க்காரனுக்கு மட்டும் ஒண்ணும் கிடைக்கல.

2024 ஆகஸ்ட் 5ல ராக்கைன் மாநிலத்துல மவுண்டோ பக்கம் நாப் ஆத்தங்கரையில, வங்காளதேசத்துக்குப் போக படகுக்கு காத்திருந்த ரொஹிங்கியா குடும்பங்க மேல ட்ரோன் வந்துச்சு. குழந்தைங்க, பொம்பளைங்கன்னு கரை முழுக்க பொணம். பட்டாளம், அங்க அதோட சண்ட போடுற அரக்கான் ஆர்மிங்கிற இனக்குழு படைய சொல்லுது, அரக்கான் ஆர்மி பட்டாளத்த சொல்லுது. ஆனா அத ஓட்டுன ஒரு ஆள் இருக்கான், அவன் ஸ்கிரீன்ல மூட்டை முடிச்சும் குழந்தைங்களும் தெரிஞ்சிருக்கும், அவன் இப்ப எங்கயோ உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். 2025 அக்டோபர் 6, பௌத்தங்களோட விளக்குத் திருவிழாவான தடின்ஜுட் பௌர்ணமி அன்னிக்கு சகாயிங்ல சாவுங்-ஊ ஊர்ல விளக்கேத்தி கூடியிருந்தவங்க மேல மோட்டார் வச்ச பாராகிளைடர்ல வந்து குண்டு போட்டாங்க, 20 பேருக்கு மேல போயிட்டாங்க. அது ட்ரோன் இல்ல, ஆள் உக்காந்து ஓட்டுறது, ஆனா தாழ்வா பறந்து வந்தவனுக்கு கீழ எரிஞ்ச அத்தனை விளக்கும் தெரியாமலா இருக்கும்?

உக்ரைன்ல இத இன்னும் பெருசா பாக்குறோம். 400, 500 டாலர் எஃப்பிவி கோடிக்கணக்கு மதிப்புள்ள டாங்கிய முடக்குது, ஜாமர் போட்டா தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசான ஃபைபர் வயர இழுத்துக்கிட்டே பல கிலோமீட்டர் போவுது, அத ஜாம் பண்ணவே முடியாது. அங்க கெர்சன் ஊர்ல ரோட்ல நடக்குறவங்க, பஸ், ஆம்புலன்ஸ்னு தொரத்தித் தொரத்தி ரஷ்ய ட்ரோனுங்க அடிச்சத ஐநா விசாரணைக் குழு 2025 மே மாசம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்னே சொல்லிருச்சு. அந்தக் குழு பாத்த ஆதாரத்துல ஓட்டுனவங்களோட ட்ரோன் வீடியோவும் உண்டு. உங்க எஸ்டி கார்டுல இருக்கிறதும் அப்படித்தான், ஒரு நாள் யாராவது போட்டுப் பாப்பாங்க. நம்ம நாடும் 1992ல ஜெனீவா ஒப்பந்தங்கள்ல சேந்த நாடுதான், பெரியவங்களுக்கு அது தெரியும், பசங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

பசங்கன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். 2024 பிப்ரவரில கட்டாய ராணுவ சட்டத்த அமல்படுத்துனதுக்கு அப்புறம் எங்க தெருவுலயே பசங்க இல்ல. வேலைக்குன்னு தாய்லாந்து ஓடுனவன் ஒருத்தன், காட்டுக்குப் போனவன் ஒருத்தன், புடிச்சிட்டுப் போனவன் ஒருத்தன். என்கூட அசிஸ்டெண்டா இருந்து லென்ஸ் தொடச்சவனும் போயிட்டான், எந்தப் பக்கம்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது. ட்ரோன நல்லா ஓட்டுவான், நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். டேய், நீ எங்க இருந்தாலும், காத்துல எப்படி நிலையா நிறுத்துறதுன்னு உனக்கு சொல்லிக் குடுத்தவன் கேக்குறேன், ரெண்டாவது தடவ போகாத. மொத குண்டு விழுந்த இடத்துக்கு ஓடி வர்றது தூக்குறவங்கதான், அழுவுறவங்கதான். ஊரு ஊரா அதான் நடக்குது, அடிபட்டவன தூக்க வந்தவன் மேலயும் விழுது. அத மட்டுமாவது செய்யாத, ஆர்டர் போட்டாலும் ட்ரோனோட லிங்க் அறுந்து போச்சுன்னு சொல்லு.

பெரியவங்களே, உங்கள்ட்ட நான் கேக்குறது போர நிறுத்துங்கன்னு கூட இல்ல, அத கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனவங்க நிறைய பேர் இருக்காங்க. திருவிழா நாள்ல கோயில், பகோடா, பள்ளிவாசல், சர்ச் மேல பறக்க விடாதீங்க. போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் ஸ்கிரீன பாக்கணும்னு ஒரு வரி ஆர்டர் எழுதுங்க. அந்த வீடியோவ அழிக்காம வைங்க.

என் ட்ரோன் இப்ப இல்ல. வீட்ல இருந்தாலே ஆபத்துன்னு ஆனதும் அரிசி மூட்டைக்குப் பின்னாடி கொஞ்ச நாள் ஒளிச்சு வச்சு, அப்புறம் பயந்து ஒடச்சு ஆத்துல போட்டேன். எங்க ஊர்ல இப்ப அந்த ரீங்காரம் கேட்டா பசங்க நிழல தொரத்துறதில்ல, மாமரத்தடிக்கு ஓடுறாங்க, என் சின்னவன் மோட்டார் பைக் சத்தத்துக்கே ஒரு தடவ வானத்த பாத்துட்டுத்தான் விளையாடுவான்.

பங்குனில தீமிதி வருது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குண்டம் எறங்குவாங்க, எல்லாரும் மஞ்சத்துணி கட்டியிருப்பாங்க, நெருப்பு தெர்மல்ல பெரிய வெள்ளைத் திட்டா தெரியும், அத சுத்தி நிக்கிறது எங்க ஊர் ஜனம். சித்தியும் நிப்பாங்க, மேல சத்தம் கேட்டா இப்பவும் ஒரு கை கன்னத்துக்குத்தான் போகும்.